நெல்லிக்குழிக்கு ஒரு குறையுமில்லை

அத்தாயியைப் பயந்தாங்கொள்ளி என்று நெல்லிக்குழியில் யாரும் முகத்துக்கு நேரே சொன்னதில்லை. முதுகுக்குப் பின்னால் சொல்லாதவர்களும் இல்லை. ஆனால் அவள் காட்டுப்பன்றிக்குப் பயப்படுகிறவள் இல்லை. மரவள்ளிக் காட்டில் பன்றி இறங்கினால் தகர டின்னைத் தட்டிக்கொண்டு ஒற்றை ஆளாகப் போய் விரட்டிவிட்டு வருவாள். பாம்பைக் கண்டால் வழிவிட்டு நிற்பாள், அவ்வளவுதான். அவள் பயமெல்லாம் மடிப்புக் கலையாத சட்டை போட்ட மனிதர்களிடம். சட்டைப்பையில் பேனா இருந்தால் பயம் இன்னும் கொஞ்சம் கூடும். கையில் அளக்கிற டேப் இருந்துவிட்டால் போச்சு, அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது.

இதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. அவள் சின்னப் பெண்ணாக இருந்தபோது, கொல்லிமலையின் பைல் நாட்டில் அவள் அப்பன் சாமையும் ராகியும் விதைத்துவந்த மேட்டுக்காட்டை இரண்டு பேர் வந்து அளந்தார்கள். எதற்கென்று கேட்டதற்கு, “சும்மாதான்” என்றார்கள். வெள்ளந்தியான மனிதர், வந்தவர்களுக்குப் பலாச்சுளையும் தேனும் கொடுத்து உபசரித்து அனுப்பினார். மழை ஓய்ந்து போய்ப் பார்த்தால் காட்டுக்கு நடுவே வரிசையாகக் கல் நட்டிருந்தது. கல்லுக்கு அந்தப்புறம் இனிமேல் கால் வைக்கக் கூடாது என்றார்கள். இந்தப்புறம் மிஞ்சியது பாறை. அதற்கப்புறம் அவள் அப்பன் அடுத்தவர் காட்டில் கூலிக்குப் போனார், கடைசிவரை போனார். அந்தச் “சும்மாதான்” அத்தாயியின் காதை விட்டு இன்றுவரை போகவில்லை.

நெல்லிக்குழிக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு அவளுக்கென்று இருந்தது வீட்டை ஒட்டிய ஒரு துண்டு மிளகுக்காடு. சில்வர் ஓக் மரங்களில் ஏறிப் படர்ந்த கொடிகள், கீழே கொஞ்சம் மரவள்ளி. மாமனார் காலத்திலிருந்து அனுபவம், பட்டா கிடையாது. அதாவது, யாராவது ஒருவர் அளக்க வந்தால் போய்விடக்கூடிய காடு. அவள் இருபத்தைந்து வருடமாக அந்தக் காட்டில் பாடுபட்ட நேரத்தில் பாதி, யாராவது வருகிறார்களா என்று பாதையைப் பார்த்த நேரம்.

பாதை என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம். பஸ் போகிற ரோட்டிலிருந்து பிரிந்து, சரிவில் இறங்கி, ஓடையைத் தாண்டி, மறுபடி மூச்சு வாங்க ஏறி, அத்தாயியின் மிளகுக்காட்டு ஓரமாக ஊருக்குள் நுழையும் ஒற்றையடித் தடம். மிளகு மூட்டை தலைச்சுமையாகத்தான் வெளியே போகும். நோயாளி என்றால் கம்பளியை ஒரு மூங்கிலில் தொட்டிலாகக் கட்டி, ஆள் மாற்றி ஆள் தோள் கொடுத்துத் தூக்கிக்கொண்டு போவார்கள். போன மிளகு அறுப்பில் ஏணி வழுக்கி மரத்திலிருந்து விழுந்த அத்தாயியின் புருசன் மாதேஸ்வரனையும் அப்படித்தான் தூக்கிப் போனார்கள். இடுப்பெலும்பு உடைந்திருந்தது. ஓடை இறக்கத்தில் தொட்டில் ஆடிய ஆட்டத்தில் அந்த மனிதர் போட்ட சத்தம் பஸ் ரோடு வரைக்கும் கேட்டதாம். அன்றிலிருந்து கட்டிலோடு கட்டில். டாக்டர் மறுபடி வரச் சொன்ன தேதிக்கெல்லாம் அவர் போகவில்லை. “இன்னொரு தடவ அந்தத் தொட்டில்ல நான் ஏற மாட்டேன், இங்கயே கெடந்து செத்துப்போறேன்” என்று சொல்லிவிட்டார்.

இப்படி இருக்கையில்தான், பொங்கல் முடிந்து மிளகு அறுப்புத் தொடங்கிய நேரத்தில், கருத்துக்கணிப்பு எடுக்கிற பெண் ஒருத்தி நெல்லிக்குழிக்கு வந்தாள். பெயர் மேகலா. மலையடிவாரத்துக் காளப்பநாயக்கன்பட்டிப் பெண், படித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தவள். கழுத்தில் அடையாள அட்டை, கையில் பலகை மாதிரி ஒரு பெரிய போன். பாவம், ஓடைக்கரையில் வழுக்கி விழுந்து முழங்காலில் ரத்தத்தோடு வந்து நின்றாள். அத்தாயிக்கு அட்டையைப் பார்த்ததும் பயம் வந்தது. ரத்தத்தைப் பார்த்ததும் பயம் போய்விட்டது. உட்காரவைத்து, கழுவி, மஞ்சள் வைத்துக் கட்டினாள்.

“எப்படிங்கம்மா இந்தப் பாதைல தெனமும் நடக்கறீங்க?” என்று கேட்டாள் மேகலா.

அத்தாயியை அதுவரை யாரும் அப்படிக் கேட்டதில்லை. கேட்டதுதான் தாமதம், அவளுக்குத் தொண்டையில் இருந்ததெல்லாம் வெளியே வந்துவிட்டது. புருசன் கிடக்கிற கிடை, தொட்டில், ஓடை, ஒவ்வொரு தேர்தலுக்கும் வந்து ரோடு போடுகிறோம் என்று கும்பிட்டுவிட்டுப் போகிற கான்ட்ராக்டர் காளியண்ணன், எல்லாவற்றையும் கொட்டினாள்.

மேகலா போனை எடுத்துக்கொண்டாள். “இந்தத் தேர்தல்ல யாருக்குங்கம்மா ஓட்டு?”

“நீ எந்தக் கச்சி கண்ணு?”

“கச்சியெல்லாம் இல்லீங்கம்மா. கம்பெனிங்க. சனங்க என்ன நெனைக்கறாங்கன்னு கேட்டுக் குடுக்கறது, அவ்வளவுதான்.”

அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கம்பெனிக்குப் பணம் கொடுத்து இந்த வேலையைச் செய்யச் சொன்னது யார் என்று அவளிடம் யார் சொல்லப்போகிறார்கள்?

“அப்படின்னா எழுதிக்கோ,” என்றாள் அத்தாயி. “போன தடவ காளியண்ணன் கச்சிக்குத்தான் போட்டோம். ஊரே போட்டோம். இந்தத் தடவ கெடையாது. ரோடு போட்டா ஓட்டு. இல்லைன்னா எங்கூருப் பக்கமே வர வேண்டாம்னு சொல்லு.”

நெஞ்சிலிருந்து ஒரு கல்லை இறக்கிவைத்த மாதிரி இருந்தது அவளுக்கு. அந்த நிம்மதி ஒரு வாய்க் காப்பி குடிக்கிற நேரம்கூட நிலைக்கவில்லை. பெயர், போன் நம்பர் எல்லாம் கேட்டுக்கொண்ட மேகலா, “இங்க வந்தோம்ங்கறதுக்கு அடையாளமா ஒண்ணு எடுத்துக்கறேங்கம்மா” என்று வீடும் மிளகுக்காடும் தெரிகிற மாதிரி அவளை நிறுத்திப் படம் எடுத்தாள். கிளிக் என்ற சத்தம் கேட்டதும் அத்தாயி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். சொன்னதைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாமா என்று கேட்க வாயெடுத்தாள். அதற்குள் அந்தப் பெண் நொண்டிக்கொண்டே அடுத்த வீட்டுக்குப் போய்விட்டாள். அத்தாயி சொன்னதையேதான் அன்றைக்கு ஊரில் மற்றவர்களும் சொன்னார்கள்.

“பேரு குடுத்தியா?” என்று உள்ளேயிருந்து கேட்டார் மாதேஸ்வரன்.

“குடுத்துட்டேனுங்க.”

“சரி உடு. நெசத்தத்தான சொன்ன.”

நிஜத்தைச் சொன்னதுதான் அவளுக்குப் பயம். மூன்று வாரம் அவள் மிளகைக் காம்பு உதிர்த்தாளே தவிர மனம் அங்கே இல்லை. நாய் குரைத்தால் எழுந்து போய்ப் பாதையைப் பார்த்தாள். தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தால் எடுக்காமல் போர்வைக்குள் சொருகினாள். போர்வைக்குள்ளிருந்து அது பாட்டுக்குப் பாடிக்கொண்டிருக்கும், இவள் பாட்டுக்கு முற்றத்தில் நடுங்கிக்கொண்டிருப்பாள்.

அப்புறம் அவர்கள் வந்தார்கள். இரண்டு பேர், கையில் டேப். பாதையின் ஓரமாகவே அளந்துகொண்டு வந்தவர்கள், அத்தாயியின் மிளகுக்காட்டுக்குள் கொஞ்சம் இறங்கி, சிவப்புத் துணி கட்டிய குச்சிகளை நட்டார்கள். வளைவில் நின்ற ஒரு மரத்தில் சுண்ணாம்பால் கோடு போட்டார்கள். அத்தாயி வேலியோரம் போய் நின்றாள்.

“ஏனுங்க சாமி, எதுக்குங்க அளக்கறீங்க?”

அவர்களில் மூத்தவன் அவளை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “சும்மாதாம்மா” என்றான். 

உலகத்தில் எத்தனையோ பதில்கள் இருக்க, அந்த ஆளுக்கு அதுதான் கிடைத்தது! அவனைச் சொல்லியும் குற்றமில்லை. மேடை போட்டுத் தலைவர்கள் அறிவிக்கிறவரைக்கும் ஊராரிடம் மூச்சுக்கூட விடக் கூடாது என்பது அவனுக்கு இட்ட உத்தரவு. ஆனால் அத்தாயிக்கு அந்த ஒரு சொல் போதுமாக இருந்தது. கண் முன்னால் அப்பனின் காடு வந்து நின்றது. வீட்டுக்குள் ஓடிப்போய்க் கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

“காட்டப் புடுங்கறாங்க. நாஞ் சொன்னதுக்குத்தான். போட்டோல காடு தெரிஞ்சுதில்லீங்க, அதப் பாத்துட்டே வந்துட்டாங்க.”

மாதேஸ்வரன் தலையை மட்டும் திருப்பினார். “ஏ புள்ள, ரோட்டுக்குத்தான் இருக்கும். ரோடுதான கேட்ட?”

“ரோட்டுக்குன்னா ரோட்டுக்குன்னு சொல்லிட்டு அளக்க மாட்டாங்களா? நல்லது பண்றவன் எதுக்குங்க மறைக்கறான்?”

 அதை யாரால்தான் மறுக்க முடியும்?

அன்று சாயங்காலமே அவள் ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியைப் பார்க்கப் போனாள். அவர் வீட்டுக் காபித் தோட்டத்தின் ஓரத்திலும் இரண்டு குச்சி நட்டிருந்தார்கள். நெல்லிக்குழியில் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமோ, நோன்போ, வம்பு வழக்கோ, எல்லாரையும் தொடுகிற காரியம் என்றால் ஊர்க்கவுண்டர் கோயில் முன்னால் ஊரைக் கூட்டுவார். எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் சண்டை போட்டுக்கொள்ளலாம். ஆனால் கற்பூரம் ஏற்றி ஒரு பேச்சு எடுத்துவிட்டால் அப்புறம் எந்த வீட்டுக்கும் தனி வாய் கிடையாது. கேட்கிறவன் யாராக இருந்தாலும் ஊர் முழுவதும் அந்த ஒரே பேச்சைத்தான் சொல்ல வேண்டும். இந்த மலையில் ஆள்பலம் இல்லாத சனங்கள் இத்தனை காலம் தாக்குப்பிடித்தது அப்படித்தான்.

ஊர் கூடியது. அத்தாயி கூட்டத்தில் அதற்குமுன் பேசியதே இல்லை. பயம் அன்றைக்கு அவளைப் பேசவைத்தது. அப்பன் காட்டின் கதையை ஒன்று விடாமல் சொன்னாள்.  எல்லாரும் அவரவர் துண்டுக் காட்டை நினைத்துக்கொண்டார்கள். ஒருவரிடமும் பட்டா இல்லை.

“காளியண்ணன் கச்சிக்காரங்க கோவத்த ஆத்தோணும்,” என்றார் அர்த்தனாரி. “இனிமே யாரு வந்து கேட்டாலும் ஊருக்கு ஒரு கொறையும் இல்லைன்னு சொல்லிப்போடணும். ஓட்டு எப்பவும் போல அவங்களுக்கேன்னு சொல்லணும்.”

போன வருசம் கட்டிக்கொண்டு வந்த கோகிலா மட்டும் பின்னாலிருந்து கேட்டாள். “அப்ப ரோடு, பெரியப்பா?”

“ரோடு இல்லாமப் பொழைச்சிருக்கறோம் கண்ணு. காடு இல்லாமப் பொழைப்பமா?”

கற்பூரம் ஏற்றினார்கள். கோகிலாவும் தொட்டுக் கும்பிட்டாள்.

மேகலா மறுபடி வந்தாள். கம்பெனியே சரிபார்த்துவரச் சொல்லி அனுப்பியிருந்தது. முழங்கால் காயம் ஆறியிருந்தது. அத்தாயிக்கென்று ஒரு பாக்கெட் பிஸ்கெட் வாங்கி வந்திருந்தாள். அத்தாயி அதைக் கையில் வாங்காமல் திண்ணையைக் காட்டினாள்.

“ஊர்ல என்னங்கம்மா கொறை?”

“ஒரு கொறையுமில்லீங்க.”

“ரோடு வேணும்னு சொன்னீங்களே?”

“அது... அன்னைக்கு ஏதோ மேலுக்கு முடியாமச் சொல்லிப்போட்டேன் கண்ணு. ரோடெல்லாம் எதுக்கு? நடந்து பழகிடுச்சு. ஓட்டு காளியண்ணன் கச்சிக்குத்தான். அதையும் எழுதிக்கோ.”

மேகலா போனைக் கீழே வைத்தாள். சுற்றும்முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக் கேட்டாள். “யாராச்சும் மெரட்டுனாங்களாம்மா? எங்கிட்டச் சொல்லுங்க, நான் யாருக்கும் சொல்ல மாட்டேன்.”

ஒரே ஒரு சொல் போதுமாயிருந்தது. குச்சியைக் காட்டி, இது எதற்கு என்று அந்தப் பெண்ணிடம் கேட்டிருக்கலாம். விசாரித்துச் சொல்லியிருப்பாள், நல்ல பெண். ஆனால் பயந்தவளுக்கு அன்பும் வேவு பார்ப்பதாகத்தான் தெரியும். கதையைப் பிடுங்கப் பார்க்கிறாள் என்று நினைத்தாள் அத்தாயி. “இல்லீங்க, இல்லீங்க” என்று இரண்டு கையையும் ஆட்டினாள். கட்டிலில் கிடந்த மாதேஸ்வரனிடமும் மேகலா கேட்டாள். அவர் முகட்டைப் பார்த்துக்கொண்டு, “ஒரு கொறையுமில்லீங்க” என்றார். வீடு வீடாக அதே பேச்சு. கடைசி வீட்டில் கேள்வி கேட்கும் முன்னாலேயே பதில் வந்ததாம்.

பத்து நாளில் இரண்டு பேர் வந்து குச்சிகளைப் பிடுங்கிக்கொண்டு போனார்கள். அத்தாயிக்குப் போன உயிர் வந்தது. கோயிலுக்கு நேர்ந்திருந்த சேவலை அறுத்தாள். ஊரே அவளைக் கொண்டாடியது. அர்த்தனாரி நாலு பேர் முன்னால், “அத்தாயி புத்திதான் நம்ம காட்டக் காப்பாத்துச்சு” என்றார். அன்று அவள் சாப்பிட்ட மாதிரி சாப்பிட்டு வெகுநாள் ஆகியிருந்தது.

பிறகு எதிர்ச் சரிவில் இருக்கும் பாறைவளவில் ஜேசிபி சத்தம் கேட்க ஆரம்பித்தது. மரம் சாய்வதும் மண் சரிவதும் இங்கிருந்தே தெரிந்தது. “பாவம், அவங்க காடு போச்சு” என்று அத்தாயி உச்சுக்கொட்டினாள். கருத்துக் கேட்கப் போன மேகலாவைப் பாறைவளவுக்காரர்கள், ஓட்டே கிடையாது என்று நிற்கவைத்துத் திட்டி அனுப்பியது எல்லாருக்கும் தெரியும். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காததற்குத் தண்டனை என்று நெல்லிக்குழியில் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் அந்தச் சரிவில் ஒரு வேன் ஏறிப்போவதைப் பார்த்தாள். மறுநாள் ஒரு டெம்போ, மரவள்ளி மூட்டை ஏற்றிக்கொண்டு இறங்கியது. அத்தாயி கண்ணை இடுக்கி வெகுநேரம் பார்த்தாள்.  அங்கே போட்டது ரோடோ என்று பட்டதை யாரிடமும் சொல்லவில்லை. தனக்குத்தானே சொல்லிக்கொள்ளவும் பயந்தாள்.

தேர்தல் தேதி அறிவித்த பிறகு காளியண்ணன் நிதி வசூலுக்கு வந்தார். மலைச் சிற்றூர்களில் பணமாகக் கிடைக்காது என்பதால் மிளகு காய்ந்த நேரம் பார்த்து வீட்டுக்கு ஒரு படி மிளகு வாங்கிப் போவது எல்லாக் கட்சிக்கும் பழக்கம். நெல்லிக்குழி எந்தக் கட்சிக்கும் இல்லை என்று சொன்னதில்லை. இல்லை என்று சொல்ல யாருக்குத் தைரியம்? பின்னால் ஒருவன் சாக்கைப் பிடித்துக்கொண்டு வர, காளியண்ணன் வேர்வையைத் துடைத்தபடி அத்தாயி வீட்டு வாசலில் வந்து நின்றார். பாதையில் நடந்ததில் வெள்ளை வேட்டியெல்லாம் சேறு.

“அக்கா, உங்கூருதான் சுத்தமான ஊருங்க! நூத்துக்கு நூறு. ரிப்போர்ட்டப் பாத்துட்டு மேல இருக்கறவங்களே அசந்துட்டாங்க.”

அத்தாயி படியில் மிளகை அள்ளினாள்.  குனிந்த தலை நிமிராமலேயே கேட்டாள். “அந்தக் குச்சிங்க... எதுக்குங்க நட்டாங்க?”

“அதுவா? ரோட்டுக்குத்தானுங்க்கா. மொத ரிப்போர்ட்ல உங்கூரு கையவிட்டுப் போச்சுன்னு வந்துதுங்க. கொல்லிமலைல இந்தப் பக்கத்து பூத்தெல்லாம் சாஞ்சுரும்னு மேல ஒரே அலறல். தேதி அறிவிக்கறதுக்குள்ள ரோடு போட்டாகணும்னு என் தலைல கட்டுனாங்க. வசூலான நிதில ஜேசிபிய எறக்கச் சொல்லி, அளந்தாச்சு, எல்லாமாச்சு. அப்புறம் பாத்தா ரெண்டாவது ரிப்போர்ட்ல நீங்க ஒரு கொறையும் இல்லைன்னுட்டீங்க. தானா உழுகற ஓட்டுக்கு எதுக்குங்க செலவு? தேறாத ஊருக்கில்ல போடணும்! ஜேசிபி பாறைவளவுக்குப் போயிருச்சு.” அவர் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. வியாபாரக் கணக்கைச் சொல்கிற மாதிரிதான் சொன்னார். கதை சொல்கிற எனக்கு அதுதான் ஆறவில்லை.

அத்தாயி மிளகுப் படியைக் கையில் பிடித்தபடியே நின்றாள். இப்போது சொல்ல வேண்டும் என்று தோன்றியது. எங்களுக்கு ரோடு வேண்டும், என் புருசனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும், நான் சொன்னது பொய், பயந்துபோய்ச் சொன்னது, போய் உங்கள் மேலிடத்தில் சொல்லுங்கள். எல்லாம் வரிசையாக நாக்குக்கு வந்துவிட்டது. காளியண்ணன் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து எதையோ குறித்துக்கொண்டு நிமிர்ந்தார்.

“என்னங்க்கா, இந்தத் தடவையும் நம்ம கச்சிக்குத்தானே?”

“ஆமாங்க சாமி,” என்றாள் அத்தாயி. “எங்களுக்கு என்னங்க கொறை?”

அவர் மிளகை வாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போனார். அவள் வாசலிலேயே நின்றாள். வீட்டுக்குள் போக வேண்டும். போனால் கட்டில் இருக்கிறது. கதவு திறந்தே இருந்ததால் புருசன் எல்லாவற்றையும் கேட்டிருப்பார். நான் அப்பவே சொன்னேனே என்று சொல்லப்போகிறார். சொன்னால்கூடத் தேவலை, திட்டினால் அதைவிடத் தேவலை என்று நினைத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மாதேஸ்வரன் திட்டவில்லை. அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டிலில் உட்காரவைத்தார்.

“அத்தாயி, அந்த ஆளு சொன்னதக் கேட்டியா? மேல ஒரே அலறலாமே. எதுக்குன்னு தெரியுதா?”

அவள் தெரியவில்லை என்று தலையை ஆட்டினாள்.

“உனக்குத்தான் புள்ள. கேள்வி கேட்டு வந்த புள்ளகிட்ட நீ ஓட்டு கெடையாதுன்னு சொன்ன பாரு, அதக் கேட்டுப் பயந்துட்டாங்க. அவங்க பயந்துதான் அளக்க வந்திருக்கறாங்க, நாமதான் அதப் பாத்துப் பயந்துட்டோம்.”

தன் பேச்சைக் கேட்டு எங்கேயோ சிலர் பயந்திருக்கிறார்கள், டேப்பைத் தூக்கிக்கொண்டு மலையேறி ஓடிவந்திருக்கிறார்கள் என்பது அத்தாயிக்கு அப்போதுதான் தெரிந்தது. தெரிந்து என்ன செய்ய? அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுத்த வீட்டில் மிளகு வாங்கிக்கொண்டிருந்த காளியண்ணனுக்குக் கேட்டுவிடாதபடி அழுதாள்.